சான்றும் அறிவிக்கையும்: சென்னை மாகாணத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் (1911–1947)

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மக்கட்பிரிவினரைச் சமூகத்திற்குத் தீங்கு விளைவிப்போர் என அரசு வகைப்படுத்தும்போது, அம்முடிவுக்கு எதனைச் சான்றாகக் கொள்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா. 1871ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம், 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டம் ஆகிய இரண்டும் ஒரே ஆட்சியமைப்பில் ஐந்து மாத இடைவெளியில் பிறந்தவை. முன்னது காவல்துறையின் கருத்தைக் கொண்டே ஒரு சமூகம் முழுவதையும் கட்டுப்படுத்தியது. பின்னது அதே காவல்துறையின் சொல்லை நீதிமன்றத்தில் ஐயத்துடன் நோக்கியது. இம்முரண் சென்னை மாகாணத்தில், குறிப்பாகக் குறவர், பிறமலைக் கள்ளர் ஆகியோர் வாழ்வில், எவ்வாறு செயற்பட்டது என்பதைச் சட்டவிதிகள், காலனிய நூல்கள், பின்வந்த ஆய்வுகள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. கொள்கை தனக்குத் தேவையான சான்றைத் தானே உற்பத்தி செய்துகொண்டது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: குற்றப்பரம்பரைச் சட்டம், சான்று, சென்னை மாகாணம், பிறமலைக் கள்ளர், குறவர், கைரேகை, சீர்மரபினர், வழக்கக் குற்றவாளிகள் சட்டம்.

முன்னுரை

1871 அக்டோபர் 12ஆம் நாள் 1871ஆம் ஆண்டின் 27ஆம் சட்டமாகிய குற்றப்பரம்பரைச் சட்டம் ஒப்புதல் பெற்றது. 1872 மார்ச் 15ஆம் நாள் இந்தியச் சான்றுச் சட்டம் ஒப்புதல் பெற்றது. இரண்டும் தலைமை ஆளுநர் அவையில் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் சட்ட உறுப்பினராக இருந்த காலத்தவை. சான்றுச் சட்டத்தை வரைந்தவரும் அவரே.

சான்றுச் சட்டத்தின் இரு விதிகள் இங்கு நினைவுகூரத்தக்கவை. காவல் அலுவலரிடம் ஒருவர் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்பது ஒன்று. குற்றம் சாட்டப்பட்டவர் தீய நடத்தையுடையவர் என்னும் செய்தி, அவரே தம் நன்னடத்தையை நிறுவ முற்பட்டாலன்றி, வழக்கிற்குத் தொடர்பற்றது என்பது மற்றொன்று. ஒருவர் எத்தகையவர் என்பதைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்பதை முடிவு செய்யலாகாது என்பதே இவற்றின் உட்பொருள்.

குற்றப்பரம்பரைச் சட்டம் இக்கொள்கையைத் தலைகீழாக்கியது. ஒருவர் என்ன செய்தார் என்பதை அது வினவவில்லை. எந்தக் குலத்தில் பிறந்தார் என்பதையே வினவியது. இச்சட்டத்தின் கொடுமை குறித்துத் தமிழில் ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. ஆயின் எந்தச் சான்றின் மீது அது நின்றது என்னும் வினா உரிய அளவில் எழுப்பப்படவில்லை. கொடுமை என்று கண்டிப்பதோடு நின்றால், அது உண்மைத் தரவுகளின் மேல் எழுந்த ஒரு கடுமையான கொள்கை என்னும் எண்ணம் அப்படியே எஞ்சிவிடும். ஆதலால் அத்தரவுகளின் இயல்பை ஆராய்வது இன்றியமையாததாகிறது.

1. 1871: சட்டம் கேட்ட சான்று

முதற்சட்டம் சான்று எதனையும் கேட்கவில்லை எனக் கூறுவது பொருந்தாது. ஒரு குலமோ கூட்டமோ வகுப்போ பிணையில் விடத்தகாத குற்றங்களைத் தொடர்ந்து முறையாகச் செய்யும் பழக்கமுடையது என நம்பக் காரணமிருப்பின், மாகாண அரசு அதனைத் தலைமை ஆளுநர் அவைக்கு அறிக்கையாக விடுக்க வேண்டியிருந்தது. அவ்வாறு கருதுவதற்கான காரணங்கள், செய்யப்பட்டதாக நம்பப்படும் குற்றங்களின் இயல்பு ஆகியவற்றை அவ்வறிக்கை விளக்க வேண்டும். நிலையான குடியிருப்பற்றவர்களாயின், அவர்கள் முறையான தொழில் ஏதேனும் செய்கின்றனரா, அத்தொழில் உண்மையானதா அல்லது குற்றத்தை மறைப்பதற்கான போர்வையா என்பது குறித்த கருத்தையும் அரசு தெரிவிக்க வேண்டும். கட்டுப்பாட்டிற்கு உள்ளாவோர் பிழைப்பதற்குச் செய்யப்போகும் ஏற்பாட்டையும் கூற வேண்டும். தலைமை ஆளுநர் அவை நிறைவுற்ற பின்னரே அறிவிக்கை வெளியிட இசைவு கிடைக்கும்.

இவ்வேற்பாட்டில் இரு குறைகள் அடிப்படையிலேயே அமைந்திருந்தன. முதலாவதாக, அறிக்கையை எழுதுவதும் அதனை மதிப்பிடுவதும் ஆட்சித்துறையே. குற்றம் சாட்டப்படும் சமூகத்தின் குரல் எந்நிலையிலும் இடம்பெறவில்லை. இரண்டாவதாக, தொழில் உண்மையானதா போலியா என்னும் வினாவே ஒரு பொறியாக இருந்தது. குறவர் உப்பும் தானியமும் விற்கின்றனர் என்று காட்டினால், அவ்வணிகம் வேவு பார்ப்பதற்கான வேடம் எனச் சொல்ல இயலும். வணிகம் செய்யவில்லையெனில், வேறு பிழைப்பற்றவர் ஆதலால் திருடுகின்றனர் எனலாம். எந்த விடையும் ஐயத்தை நீக்காத நிலையில், அவ்வினாவின் விடை சான்றாகாது.

அறிவிக்கை வெளியான பின்னர் இச்சட்டம் அச்சமூகத்திற்குப் பொருந்தும் என்பதற்கு அந்த அறிவிக்கையே முடிவான சான்று எனவும், எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியை வினவலாகாது எனவும் சட்டம் வகுத்தது. நம்பிக்கை அறிவிக்கையாகி, அறிவிக்கை சான்றாகியது.

2. 1911: கைவிடப்பட்ட நிபந்தனை

1871ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் வடமேற்கு மாகாணங்கள், அவத், பஞ்சாப் ஆகிய பகுதிகளில் நடைமுறைக்கு வந்தது. 1876இல் வங்காளத்திற்கு நீட்டிக்கப்பட்டது. சென்னை மாகாணம் நாற்பது ஆண்டுகள் இதன் எல்லைக்கு வெளியே இருந்தது. 1911ஆம் ஆண்டின் 3ஆம் சட்டமே இங்கு இக்கொள்கையைக் கொண்டுவந்தது. 1924ஆம் ஆண்டின் 6ஆம் சட்டம் அதனைத் தொகுத்து நிலைநிறுத்தியது.

இடைப்பட்ட நாற்பதாண்டுப் பட்டறிவு சான்றின் அளவுகோலை உயர்த்தியிருக்க வேண்டும். நிகழ்ந்ததோ மறுதலை. புதிய சட்டத்தின்படி நம்பக் காரணமிருக்கிறது என மாகாண அரசு கருதினாலே போதும். தானே அறிவிக்கை வெளியிடலாம். மேலவையை நிறைவுபடுத்தும் விரிவான அறிக்கை இனித் தேவையில்லை. தொழில் குறித்த ஆய்வும், அறிவிக்கைக்கு முன்பே பிழைப்புக்கு வழி காட்ட வேண்டும் என்னும் நிபந்தனையும் நீங்கின. நீதிமன்றத் தடை மட்டும் அப்படியே நீடித்தது. பதிவேட்டில் தம் பெயர் இடம்பெற்றது குறித்து ஒருவர் மாவட்ட நடுவரிடம் முறையிட இடமிருந்தது. ஆயின் தம் குலத்தை அறிவித்தது சரியா என்று கேட்க எவருக்கும் இடமில்லை.

அதிகாரம் விரிந்த அளவுக்குச் சான்றுக் கடமை சுருங்கியது. பதிவு செய்யப்பட்டோரின் விரற்பதிவுகளை எந்நேரமும் எடுக்கலாம். குறித்த இடைவெளியில் நேரில் வந்து வருகை தருமாறு கட்டளையிடலாம். அவர்தம் நடமாட்டத்தை ஓர் எல்லைக்குள் அடைக்கலாம், குடியேற்றங்களில் அமர்த்தலாம். ஆறு முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளிகளில் வைக்கலாம்.

பிள்ளைகள் குறித்த இவ்விதி கொள்கையின் உள்முரணை வெளிப்படுத்துகிறது. குற்றம் குருதிவழி வருவதாயின் பிள்ளையைப் பிரிப்பதால் பயனில்லை. வளர்ப்பால் வருவதாயின் பிறப்பைக் கொண்டு ஒருவரைப் பதிவு செய்வதற்கு அடிப்படை இல்லை. ஒன்றையொன்று மறுக்கும் இரு கருத்துகளும் ஒரே சட்டத்தில் அமர்ந்திருந்தன. எக்கருத்துக்கும் ஆய்வுச் சான்று கேட்கப்படாமையால் அம்முரண் ஆட்சியாளரைத் தொல்லைப்படுத்தவில்லை.

3. மேற்கோள்களின் சங்கிலி

மாகாண அரசின் நம்பிக்கைக்கு ஊற்றாக இருந்தவை எவை? சென்னைக் காவல்துறை அலுவலர் முல்லலி 1892இல் மாகாணத்துக் குற்ற வகுப்பினர் பற்றிய குறிப்புகளை நூலாக வெளியிட்டார். தொடர்வண்டிக் காவல் அலுவலர் பாப்பாராவ் நாயுடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடர்வண்டித் திருடர் குறித்தும் குறவர் குறித்தும் எழுதினார். 1906இல் பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட விவரச்சுவடி வெளிவந்தது. 1909இல் எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது.

இந்நூல்களைப் பக்கம் பக்கமாக வைத்து நோக்கினால் அவை தனித்தனிச் சான்றுகள் அல்ல என்பது புலனாகும். குறவர் பற்றிய தர்ஸ்டனின் பதிவு முல்லலியையும் பாப்பாராவ் நாயுடுவையும் மேற்கோள் காட்டுகிறது. கள்ளர் பற்றிய அவருடைய பதிவு 1868இல் வெளிவந்த நெல்சனின் மதுரை நாட்டுக் கையேட்டையும் பிரான்சிசின் விவரச்சுவடியையும் சார்ந்துள்ளது. காவல் அலுவலரின் குறிப்பு இனவரைவியல் நூலில் ஏறியவுடன் அறிவியல் மதிப்பைப் பெறுகிறது. அம்மதிப்புடன் அது மீண்டும் ஆட்சியாளரின் மேசைக்கு வருகிறது. ஒரே கூற்று நான்கு நூல்களில் காணப்படுவது நான்கு சான்றாகத் தோன்றும். மூலத்தைத் தேடிச் சென்றால் ஒரு காவல் நிலையத்தின் கருத்தே எஞ்சும்.

சான்றுச் சட்டம் கேள்விப்பட்ட செய்தியைப் பொதுவாக ஏற்கவில்லை. கண்டவரே வந்து கூற வேண்டும் என்பது அதன் நெறியாக இருந்தது. அந்நெறி ஒரு திருட்டு வழக்கிற்குப் பொருந்தியது; பல்லாயிரம் மக்களின் வாழ்வை முடிவு செய்யும் அறிவிக்கைக்குப் பொருந்தவில்லை.

4. சான்றில் இடம்பெறாத காரணங்கள்

மதுரை வட்டாரத்தில் கால்நடைத் திருட்டு நிகழவே இல்லை என வாதிடுவது வரலாறாகாது. காணாமற்போன மாட்டை மீட்டுத் தருவதற்குப் பெறப்பட்ட துப்புக்கூலி பற்றிய குறிப்புகள் உண்மையானவை. கள்ளர் காவலை விலக்கும் நோக்குடன் உழவர் நிதி திரட்டிய, 'பண்டு' எனப்பட்ட 1896ஆம் ஆண்டு இயக்கமும் உண்மையே. கேள்வி குற்றம் நிகழ்ந்ததா என்பதன்று. நிகழ்ந்த குற்றங்களிலிருந்து ஒரு குலம் முழுவதன் இயல்பை உய்த்துணர இயலுமா என்பதும், வேறு காரணங்கள் ஆராயப்பட்டனவா என்பதுமே கேள்வி.

கள்ளர் பல ஊர்களில் காவல்காரர்களாக இருந்தவர்கள். காவலுக்கு ஊரார் அளித்த கூலி மரபுவழி உரிமையாகக் கருதப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனி அரசு பாளையக்காரரிடமிருந்து காவல் உரிமையைப் பறித்தது. 1859இல் மாகாணக் காவல்துறை சட்டப்படி அமைந்தது. இதன்பின் பழைய காவல்கூலி அரசின் கண்ணில் மிரட்டிப் பெறும் பணமாக மாறியது. செயல் மாறவில்லை, அதனை மதிப்பிட்ட சட்டம் மாறியது. தமக்குப் போட்டியான ஒரு காவலமைப்பைக் குறித்து அறிக்கை எழுதியவர்களும் காவல்துறையினரே என்பதை மறக்கலாகாது. பிறமலைக் கள்ளர் மீதான முத்திரையை மறுஆய்வு செய்த ஸ்டூவர்ட் பிளாக்பர்னின் 1978ஆம் ஆண்டுக் கட்டுரையும், சென்னைக் காவல்துறை வரலாற்றை எழுதிய டேவிட் அர்னால்டின் நூலும் இத்திசையில் வழிகாட்டுவன.

குறவர் நிலை வேறு. அவர்கள் பொதிமாடுகளில் கடற்கரை உப்பை உள்நாட்டிற்குக் கொண்டுசென்று தானியத்திற்கு மாற்றியவர்கள். 1856இல் இராயபுரத்திலிருந்து தொடங்கிய தொடர்வண்டிப் பாதை விரிய விரிய அவ்வணிகம் நலிந்தது. அரசின் உப்புக் கொள்கை அதனை மேலும் நெருக்கியது. 1876–78 பஞ்சம் கால்நடைகளையும் வாங்குவோரையும் ஒருசேர அழித்தது. 1882ஆம் ஆண்டு வனச்சட்டம் மேய்ச்சலையும் மூங்கில் சேகரிப்பையும் தடுத்தது. இவ்வணிகச் சிதைவுக்கும் குற்ற முத்திரைக்கும் உள்ள தொடர்பை மீனா ராதாகிருஷ்ணா விரிவாக நிறுவியுள்ளார். பிழைப்பிழந்து அலைவதற்கு அரசின் கொள்கைகளும் காரணமாக இருக்க, அலைவதே குல இயல்பு எனப் பதிவாகியது. காரணத்தை ஆராயாத சான்று, விளைவையே காரணமாகக் காட்டிவிடும்.

5. பதிவேடு உண்டாக்கிய குற்றம்

பிறமலைக் கள்ளர் ஊர்கள் 1910களில் படிப்படியாக இச்சட்டத்தின் கீழ் வந்தன. மக்கள் வழக்கில் இது 'ரேகைச் சட்டம்' ஆயிற்று. வெளியூர் செல்ல வேண்டிய அனுமதி 'இராதாரிச் சீட்டு' எனப்பட்டது. சட்டத்தின் பெயரிலிருந்த குற்றம் என்னும் சொல்லை மக்கள் தம் வழக்கில் ஏற்காமல், அரசு தம்மீது செய்த செயலைக் கொண்டே அதற்குப் பெயரிட்டமை கருதத்தக்கது.

பதிவு செய்யப்பட்டவர் வருகை தரத் தவறினால் அது தண்டனைக்குரிய குற்றம். குறித்த எல்லைக்கு வெளியே சீட்டின்றிக் காணப்பட்டால் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். திருடவோ கொள்ளையிடவோ வாய்ப்புக்காகக் காத்திருந்தார் என நீதிமன்றம் கருதத்தக்க சூழலில் காணப்பட்டால் மூன்றாண்டு வரை சிறை. அட்டவணையிலுள்ள குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெறுவோருக்கு, சிறப்புக் காரணம் இல்லாவிடில், ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறை ஆயுட்காலத் தீவாந்தரம்.

இவற்றின் கூட்டு விளைவைக் கருத வேண்டும். உறவினர் இறப்புக்குச் செல்வது, சந்தைக்குப் போய் இரவு திரும்பாதிருப்பது ஆகியவை பிறருக்கு இயல்பான செயல்கள். பதிவேட்டில் உள்ளவருக்கு அவை குற்றங்கள். ஒவ்வொரு குற்றமும் ஒரு தண்டனைப் பதிவைத் தரும். அப்பதிவுகள் திரண்டு, அக்குலம் குற்றம் செய்யும் குலமே என்பதற்குச் சான்றாக நிற்கும். மேலும், எங்கு ஓயாது கண்காணிக்கப்படுகிறதோ அங்கேயே மிகுதியான குற்றங்கள் கண்டுபிடிக்கப்படும். கண்காணிப்பின் அடர்த்தியைக் குற்றத்தின் அடர்த்தியாகக் கொள்வது அடிப்படைப் பிழை.

1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை மக்கள் எதிர்த்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாயக்காள் என்னும் பெண்ணின் பெயர் அவ்வூர் நினைவில் அவர்களோடு வைத்துப் போற்றப்படுகிறது. குற்றமற்ற எம்மை ஏன் பதிவு செய்கிறீர் என்னும் வினாவை எழுப்ப நீதிமன்றத்தின் கதவு சட்டப்படி மூடப்பட்டிருந்தது. அவ்வினா ஊர் மந்தையில் எழுந்ததற்கு இதுவே பின்புலம்.

6. சீர்திருத்தமும் வெற்றியின் கணக்கும்

தண்டனையுடன் சீர்திருத்தமும் இக்கொள்கையின் ஒரு கூறாக இருந்தது. குண்டூர் மாவட்டத்து ஸ்டூவர்ட்புரம் குடியேற்றத்தை இரட்சணிய சேனை நடத்தியது. தென்னார்க்காடு மாவட்டத்தில் அஜீஸ் நகர் குடியேற்றம் அமைந்தது. மதுரைப் பகுதியில் கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தொடங்கப்பட்டன. அப்பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்னும் பெயரில் இயங்குகின்றன. கல்வி வழியாக அவை விளைத்த நன்மையை மறுக்க இயலாது.

எனினும் சான்றின் நோக்கில் ஒரு கேள்வி எழுகிறது. குற்றம் குறைந்தால் கட்டுப்பாடு வெற்றி பெற்றது எனலாம். ஆகவே கட்டுப்பாடு தொடர வேண்டும். குற்றம் குறையாவிடில் அக்குலம் திருந்தாதது எனலாம். ஆகவே கட்டுப்பாடு இறுக வேண்டும். எந்த விளைவு கிடைத்தால் இக்கொள்கை தவறு என்று ஒப்புக்கொள்ளப்படும் என்பது சட்டத்தில் எங்கும் வரையறுக்கப்படவில்லை. தவறென மெய்ப்பிக்கவே இயலாத கொள்கைக்குச் சான்று என்பது அணிகலன் மட்டுமே. பள்ளியும் நிலமும் கூட்டுறவும் பயன் தந்தன எனில், குற்றத்தின் வேர் பிறப்பில் இல்லை, வாழ்நிலையில் இருந்தது என்பதே அதன் பொருள். அம்முடிவை அரசு எடுக்கவில்லை.

7. நீக்கமும் எச்சமும்

ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் இச்சட்டத்திற்கு எதிராகக் குரல் கொடுத்தனர். சென்னை மாகாணம் 1947இல் இதனை நீக்கியது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் 1949இல் அமைந்த விசாரணைக் குழு நாடு முழுவதும் நீக்கப் பரிந்துரைத்தது. 1952 ஆகஸ்டு 31ஆம் நாள் நீக்கம் நடைமுறைக்கு வந்தது. அறிவிக்கை நீக்கப்பட்ட சமூகத்தினர் தமிழ்நாட்டில் சீர்மரபினர் எனப்படுகின்றனர்.

பிறமலைக் கள்ளரிடையே 1949–50இல் தங்கிக் களஆய்வு செய்த லூயி துய்மோன் 1957இல் தம் நூலை வெளியிட்டார். குலதெய்வ வழிபாடு, மணஉறவு, நாட்டு அமைப்பு ஆகியவற்றைக் கொண்ட ஒரு சமூகத்தின் விரிவான சித்திரம் அதில் உள்ளது. ஒரு தலைமுறைக் காலம் அம்மக்களைக் கட்டுப்படுத்திய பின்னரே அவர்களைப் பற்றிய முறையான ஆய்வு எழுந்தது என்னும் கால வரிசை தன்னளவிலேயே ஒரு சான்றாகும்.

நீக்கத்தை அடுத்து 1948இல் சென்னையில் வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது; பிற மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின. குலத்தின் இடத்தில் தனிமனிதரின் முந்தைய தண்டனைகள் அடிப்படையாயின. கொள்கையளவில் இது பெரும் முன்னேற்றம். ஆயின் அத்தண்டனைகளுள் பல, பிறப்பின் பேரால் கண்காணிக்கப்பட்ட காலத்தில் குவிந்தவை. பழைய பதிவேட்டின் நிழல் புதிய பதிவேட்டில் விழுவதைச் சட்டத்தின் சொல்மாற்றம் தடுக்கவில்லை. 2024 அக்டோபர் 3ஆம் நாள், சிறைக் கையேடுகளிலுள்ள சாதிப்பாகுபாடு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய விதிகளைச் செல்லாதவை என அறிவித்தது. வழக்கக் குற்றவாளி என்னும் சொல்லாட்சி சீர்மரபினரைக் குறிக்கும் வகையில் கையாளப்படுவதையும் அது கண்டித்தது. நீக்கப்பட்டு எழுபதாண்டுகளுக்குப் பின்னரும் அம்முத்திரை ஆவணங்களில் உயிர்த்திருந்தது என்பதை இத்தீர்ப்பு உணர்த்துகிறது.

முடிவுரை

குற்றப்பரம்பரைச் சட்டம் சான்றுகளைப் பொருட்படுத்தாத சட்டம் எனக் கூறுவது பாதி உண்மையே. அது நூல்களையும் அறிக்கைகளையும் விரற்பதிவுகளையும் தண்டனைப் பட்டியல்களையும் குவித்தது. அவை அனைத்தும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. மறுப்போரின் குரலைக் கேளாதவை. மாற்றுக் காரணங்களை ஆராயாதவை. கொள்கையின் விளைவையே கொள்கைக்கு அடிப்படையாகக் காட்டியவை. மிகுதியான ஆவணம் மிகுதியான சான்றாகாது என்பதற்குச் சென்னை மாகாணத்தின் இவ்வரலாறு எடுத்துக்காட்டாகும்.

இச்சட்டத்தின் காலத்திலேயே மேலான ஓர் அளவுகோல் ஆட்சியாளரின் கையில் இருந்தது என்பதே இங்கு முதன்மையானது. தனிமனிதரின் வழக்கில் காவலரின் சொல்லை ஐயுற்ற சான்றுச் சட்டம், ஐந்து மாத இடைவெளியில் அதே அவையிலிருந்து வந்தது. ஆகவே அறியாமை காரணமென அமைதி கூற இயலாது. ஓர் ஊரின் திருட்டைக் குறைக்க எண்ணும் எந்த அரசும், தான் கொண்ட நம்பிக்கையை எவர் முன்னிலையில், எவ்வகைச் சான்றால், எவருடைய மறுப்பைக் கேட்ட பின்னர் நிறுவியது என்னும் வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வினாவைக் குறைபட எழுப்பியது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அதனையும் கைவிட்டது. பெருங்காமநல்லூர் மக்கள் அதே வினாவைத் தம் உயிர் கொடுத்து எழுப்பினர்.